சிகாகோ பட்டியல், மும்பை குலுக்கல், பாஸ்டன் சொற்கள்: பள்ளிக்கு எந்த ஆய்வுக் கூட்டு உதவும்?

அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒன்பதாம் வகுப்பு முடியும்போது முழு ஆண்டுப் பாடங்கள் ஐந்துக்காவது கிரெடிட் (பாடத்தை முடித்ததற்கான புள்ளி) வாங்கியிருக்க வேண்டும். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மாணவர் ‘தடத்தில் இருக்கிறார்’ என்பது சிகாகோ கணக்கு. 2005இல் வந்த ஆய்வில், தடத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 81 பேர் நான்கு ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். தடம் தவறியவர்களில் முடித்தவர்கள் 22 பேர்தான்.

இதைக் கண்டுபிடித்தது சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய ஆய்வுக் கூட்டமைப்பு. ஒரே நகரம், அதன் அரசுப் பள்ளிகள், ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த வருகை, மதிப்பெண், கருத்துக்கேட்புத் தரவு: அதன் மூலதனம் இவ்வளவுதான். பல்கலைக்கழகங்கள் பள்ளிகளோடு சேரும் வழிகளில் இது ஒன்று. மும்பையிலும் வதோதராவிலும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பொருளியலாளர்கள் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு செய்த குலுக்கல் ஆய்வு (எந்தப் பள்ளிக்குத் திட்டம், எதற்கு இல்லை என்று குலுக்கிப் போட்டு ஒப்பிடுவது) இன்னொரு வழி. பாஸ்டனில் ஹார்வர்டின் கேத்தரின் ஸ்னோ குழுவினர், பள்ளிகளோடு சேர்ந்து ஆய்வு செய்யும் செர்ப் அமைப்பின் மூலம் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் தயாரித்தது மூன்றாவது. மூன்றையும் ‘ஆய்வுக் கூட்டு’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம். இவை பதில் சொல்லும் கேள்விகளே வேறு வேறு.

சிகாகோ கூட்டு கேட்பது: ‘எந்தப் பிள்ளை எப்போது நழுவுகிறது?’ 2007இல் வந்த அதன் அறிக்கை, எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவு பாடத் தோல்வியை எட்டு மடங்கு நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது என்று காட்டியது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர்களுக்கு இது புரட்டிப்போடும் செய்தி. ஆனால் அறிக்கையால் மட்டும் ஒன்றும் மாறவில்லை. கல்வித்துறை அதைப் பெயர்ப்பட்டியலாக மாற்றியது: ஆண்டு தொடங்கும்போது கவனிக்க வேண்டிய பிள்ளைகள், நடுவில் தோல்வியை நெருங்குபவர்கள், கோடை விடுமுறைக்கு முன் கிரெடிட் மீட்க வேண்டியவர்கள். தடத்தில் இருப்போர் விகிதம் 2007இல் 57 சதவீதமாக இருந்தது, 2013இல் 82 ஆனது.

இங்கே உடனே எழும் சந்தேகம் நியாயமானது: ஆசிரியர்கள் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டிருக்கலாமே? அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. போலியான தேர்ச்சி என்றால் அந்தப் பிள்ளைகள் பத்திலும் பதினொன்றிலும் சரிய வேண்டும். கூட்டமைப்பு அப்படித் தொடர்ந்து பார்த்தது. முதலில் முன்னேறிய பள்ளிகளில் ஆதாயம் அடுத்த வகுப்புகளிலும் நின்றது, பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதமும் ஏறியது. எந்தக் குறியீட்டையும் இலக்காக அறிவிக்கும் துறை இந்தச் சோதனையையும் அதே நாளில் தொடங்க வேண்டும்.

குலுக்கல் ஆய்வு கேட்பது வேறு: ‘இதைச் செய்ததால்தான் அது நடந்ததா?’ 2001இல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிரதமின் பாலசகி திட்டத்தில், பின்தங்கிய 15–20 பிள்ளைகளை வகுப்பிலிருந்து பிரித்து, அந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். முதல் ஆண்டில் சராசரி 0.14 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) உயர்ந்தது, இரண்டாம் ஆண்டில் 0.28. செலவோ சொற்பம்.

அதே முறையை அரசு ஆசிரியர் கையில் கொடுத்தபோதுதான் உண்மையான பாடம் கிடைத்தது. பீகாரிலும் உத்தராகண்டிலும் புத்தகமும் பயிற்சியும் கொடுத்துவிட்டு வந்ததில் ஒரு பலனும் இல்லை. பீகாரில் தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்பு எடுத்ததால் பலன் கிடைத்தது. உத்தராகண்டில் அவர்களைப் பள்ளிக்குள்ளேயே உதவியாளர்களாக இழுத்துக்கொண்டதால் கிடைக்கவில்லை. ஹரியானாவில் முதலில் வட்டார மேற்பார்வையாளர்கள் தாங்களே 15–20 நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்துப் பழகினார்கள். பிறகு தினமும் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே வாசிப்பு முன்னேறியது. குலுக்கல் இல்லாமல் இந்த வேறுபாட்டைப் பிரித்தறிந்திருக்க முடியாது.

இந்த வழிக்குப் பள்ளிகள் நிறைய வேண்டும். 0.2 திட்டவிலக்க மாற்றத்தைப் பிடிக்க நினைக்கிறீர்கள், மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாடு என்று வையுங்கள். பள்ளிக்கு 30 பேரைச் சோதித்தால் ஏறத்தாழ 180 பள்ளிகள் தேவை. 60 பேராக இரட்டித்தாலும் 170க்குச் சற்றுக் கீழேதான் இறங்கும். பிள்ளைகளைக் கூட்டுவதில் பெரிதாகப் பயனில்லை, பள்ளிகளைத்தான் கூட்ட வேண்டும். முன்தேர்வு மதிப்பெண் கையில் இருந்து, அது வேறுபாட்டில் பாதியை விளக்குமானால், எண்ணிக்கை பாதியாகும். பத்துப் பள்ளிகளை வைத்துக்கொண்டு ‘சோதனைக் குழு, ஒப்பீட்டுக் குழு’ என்று பிரிக்கும் கல்லூரித் திட்டங்கள் பெரும்பாலும் காகிதத்துக்குக் கேடு.

பத்துப் பள்ளிதான் இருக்கிறதென்றால் பாஸ்டன் வழி பொருந்தும். பிள்ளைகள் பாடநூலைப் புரிந்துகொள்ளவில்லை என்ற ஆசிரியர்களின் குறையிலிருந்து அது தொடங்கியது. வாரத்துக்கு ஐந்து கல்விமொழிச் சொற்கள் (எல்லாப் பாடநூல்களிலும் வரும் பொதுவான கடினச் சொற்கள்), ஒரு விவாதக் கேள்வி, நாளுக்கு 15 நிமிடம். முதல் நாள் மொழி ஆசிரியர், பிறகு கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் அதே சொற்களைத் தங்கள் பாடத்தில் புழங்குவார்கள், வெள்ளியன்று கட்டுரை. எவருக்கும் பெரிய சுமை இல்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம். பலவீனம், முதல் மதிப்பீட்டில் குலுக்கல் கிடையாது, சேர்ந்த பள்ளிகளைச் சேராத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். ஆர்வமுள்ள பள்ளிகளே முதலில் சேரும் என்பதால் பலன் கூடுதலாகத் தெரிய வாய்ப்பு உண்டு. கணக்கு ஆசிரியர் தன் நாளைத் தவறவிட்டால் ஏற்பாடு மொத்தமும் தளர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் குலுக்கல் வழிக்கு வேர் உண்டு. குலுக்கல் ஆய்வுகளை நடத்தும் ஜே-பால் மையத்தோடு மாநில அரசு 2014இல் ஒப்பந்தம் செய்தது. குலுக்கல் இல்லாமலே நல்ல பதில் கிடைத்ததற்கும் எடுத்துக்காட்டு இங்கேயே இருக்கிறது. சுமார் 19,000 கிராமப்புறப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், 2021 டிசம்பரில் கணக்கில் 0.7 திட்டவிலக்க அளவு பின்னடைவு தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் வகுப்பு எடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. பெருந்தொற்றுக்கு முன்பே, 2019இல், அதே ஊர்களில் எடுத்த அளவீடு கையில் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. எனவே எங்கள் தேர்வு இங்கே சிகாகோ வழிதான்: பள்ளிக் கல்வித்துறையின் தகவல் தொகுப்பான எமிஸில் மாணவருக்குத் தனி எண்ணும் வருகைப் பதிவும் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு வருகையை மாதம் ஒருமுறை பெயர்ப்பட்டியலாக்கி வகுப்பாசிரியர் மேசைக்கு அனுப்ப 180 பள்ளிகள் தேவையில்லை.

எந்த வழியானாலும் ஒப்பந்தம் எழுதும்போது நான்கு வரிகளை விடக்கூடாது. பெயர் நீக்கிய தரவு எந்தத் தேதிக்குள், எந்த வடிவில் வரும். ஆசிரியர் நேரம் வாரத்துக்கு எத்தனை நிமிடம், அதற்கு ஈடாக எந்தப் படிவம் நிறுத்தப்படும். திட்டம் தோற்றதாகத் தெரிந்தால் விரிவாக்கம் நிற்குமா. மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி மேலாண்மைத் திட்டம் கற்றலை அசைக்கவில்லை என்று ஆய்வு காட்டியும், அதே மாதிரி நாடெங்கும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. நான்காவது சிகாகோவின் ‘திடீர் அதிர்ச்சி இல்லை’ விதி: அறிக்கை வெளியாகும் முன் துறை அதைப் படிக்கலாம், பதில் தயாரிக்கலாம், தடுக்க முடியாது. அதிகாரிகள் கையெழுத்திடத் தயங்கும் வரியும் இதுதான்.