முதல் குண்டின் முரண்டு: ஒரு பிசிபி ஏர் ரைஃபிளுடன் நீண்ட காலப் பழக்கம்

என்னிடம் 4.5 மி.மீ. பிசிபி ஏர் ரைஃபிள், அதாவது முன்கூட்டியே நிரப்பிய அழுத்தக் காற்றால் சுடும் துப்பாக்கி, ஒன்று உண்டு; சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் வால்வுக்குத் தரும் ரெகுலேட்டர் பொருத்தியது. வால்வு சீட் (வால்வு பதிந்து காற்றை அடைக்கும் இருக்கை) மாற்றப்பட்டு அது அண்மையில்தான் திரும்பி வந்தது. அதே மாதிரியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் முதல் குண்டைப் பற்றியது.

சில மணி நேரம் சும்மா இருந்த துப்பாக்கியிலிருந்து புறப்படும் முதல் குண்டு வேகம் குன்றி, குறிக்குக் கீழே படுகிறது. அடுத்ததிலிருந்து எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது. ரெகுலேட்டரின் சீட் முழுமையாக மூடாததால், 200 பார் அழுத்தமுள்ள சிலிண்டரிலிருந்து காற்று சிறுகச் சிறுகக் கசிந்து, 120 பாரில் நிற்க வேண்டிய வால்வு அறையின் அழுத்தத்தை உயர்த்திவிடுகிறது. வால்வை மூடிப் பிடித்திருப்பதே அந்த அழுத்தம்தான் என்பதால், வால்வைத் தட்டித் திறக்கும் ஹேமர் அதே விசையுடன் அடித்தாலும் வால்வு சற்றே திறந்து உடனே மூடிக்கொள்கிறது. அழுத்தம் கூடினால் வேகம் குறையுமா என்று புதியவர்கள் ஐயுறலாம். ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியை நிரம்ப நிரப்பிச் சுட்டவர்கள் ஐயுற மாட்டார்கள்.

ஹேமர் ஸ்பிரிங்கை இறுக்கினால் இந்த முரண்டு மறையும். ஆனால் வேகம் இனி ஏறாது என்ற நிலைக்குப் பிறகும் இறுக்கினால், மிகுதிக் காற்று குண்டு குழலைவிட்டுப் போன பின் வெளியேறி வெறும் ஓசையாகிறது. ஹேமரும் துள்ளி விழுந்து வால்வை மறுபடி தட்டுகிறது. ஆகவே குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபைப் பார்த்துக்கொண்டே, உச்ச வேகத்தில் மூன்று நான்கு விழுக்காடு குறையும் வரை ஸ்பிரிங்கின் திருகைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். (ஒவ்வொரு முறையும் துப்பாக்கியின் பிடிக்கட்டையைக் கழற்றினால்தான் அந்தத் திருகு கைக்கு எட்டும் என்பது தனி எரிச்சல்.) இந்நிலையில் வேகம் குண்டுக்குக் குண்டு பிறழ்வதில்லை, ஓசை அடங்கியிருக்கிறது, ஒரே நிரப்பலில் முன்பைவிடக் கூடுதலாகச் சுட முடிகிறது. முதல் குண்டின் குறை மிகத் துலக்கமாகத் தெரிவதும் இதே நிலையில்தான்.

பழுதுபார்த்தவர் வால்வைச் செம்மையாகவே செய்திருக்கிறார். காற்று இப்போது துளியும் வெளியே கசிவதில்லை. ஆனால் ரெகுலேட்டரைப் பாருங்கள் என்று நான் கேட்டுக்கொண்டும் அவர் அதைத் திறக்கவே இல்லை.

டிரிகரிலும் குழலின் துல்லியத்திலும் நான் குறை காணவில்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. அவர் கேட்க மாட்டார் என்பதும் தெரியும். அப்படியானால் காசு கொடுக்கும் முன், ரெகுலேட்டர் அழுத்தத்தைக் காட்டும் மானியைச் சில மணி நேரம் கவனிக்கட்டும், முள் மெல்ல ஏறிக்கொண்டே போனால் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். என்னுடையதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.