பச்சிளம் குழந்தைக்கு லிக்னோகேனா, பியூபிவகேனா?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ, பிறந்து சில நாட்களேயான குழந்தைக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை செய்யும்போது, விறைப்பு மருந்தின் அளவைத் தீர்மானிக்க எடை மட்டும் போதாது; குருதிப் புரதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

லிக்னோகேன், பியூபிவகேன் ஆகிய இவ்விரு விறைப்பு மருந்துகளையும் குருதியில் பெரிதும் பிடித்துவைப்பது ஆல்பா-1 அமிலக் கிளைக்கோபுரதம் என்னும் புரதம் ஆகும். பச்சிளம் குழந்தையிடம் அது வளர்ந்தவர்களுக்கு இருப்பதில் ஏறத்தாழப் பாதியோ, அதிலும் குறைவாகவோதான் இருக்கும். வளர்ந்தவரின் குருதியில் லிக்னோகேன் ஏறத்தாழ 65 சதவீதமும் பியூபிவகேன் ஏறத்தாழ 95 சதவீதமும் புரதத்துடன் பிணைந்திருக்கின்றன. பிணையாத பகுதியே மூளையையும் இதயத்தையும் தாக்குவது என்பதால், பியூபிவகேனில் அது 5 சதவீதத்திலிருந்து 10 ஆனாலே இரட்டிப்பாகிவிடுகிறது. லிக்னோகேனில் ஏற்றம் அவ்வளவு கூர்மையாக இராது. இதயத்தைப் பாதிப்பதிலும் பியூபிவகேனே கடுமையானது.

ஆயினும் சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் சில மணிநேரம் வலி தணிந்திருக்க வேண்டுமானால், அளவைக் குறைத்து ஒரே தடவை ஏற்றும் பியூபிவகேனையே நான் விரும்புவேன். சிறு தையலுக்கு லிக்னோகேன் போதும். தொடர்ந்து ஏற்றுவதானால் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும்: முதிராத ஈரல் மருந்தை மெதுவாகவே அகற்றுவதால், பியூபிவகேனை மணிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் கொண்டுசெல்வதில்லை. 0.25 சதவீதக் கரைசலின் ஒரு மில்லிலீற்றரில் 2.5 மில்லிகிராம் இருக்கிறது. 3 கிலோக் குழந்தைக்குச் சிறிஞ்சில் அரை மில்லிலீற்றர் கூடினாலே, கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் மிகையாகிவிடும்.