நைட் டூட்டியில் ஒரு அனாட்டமி ஆப்

ஜி.என்.எம். நர்ஸிங் படிப்பு முடித்துப் பதினொரு வருடம் ஆகிறது. நரம்பு தேடி ஊசி போடுவதில் கை தடுமாறாது. மணிக்கட்டில் எத்தனை எலும்பு என்று கேட்டால் மட்டும் முழிப்பேன். அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுதிப் பார்க்கலாம் என்று முடிவு செய்ததும், வார்டில் கூட இருக்கும் தங்கச்சி ஒருத்தி சொல்லி இந்த ஆப்பைப் போட்டேன். பெயர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு 299 ரூபாய், முழுக்க அனாட்டமி (உடலின் அமைப்பு), பிசியாலஜி (அது வேலை செய்யும் விதம்) கேள்விகள்.

படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிற பகுதி வெறும் மனப்பாடம். மணிக்கட்டின் 8 எலும்புகளில் ட்ரபீசியத்தையும் ட்ரபீசாய்டையும் மாற்றி மாற்றிப் போட்டு நாலு நாள் தோற்றேன். அவ்வளவுதான் அதில் விஷயம்.

காசு கொடுத்தது பிசியாலஜி பகுதிக்குத்தான். கடலைப்பருப்பு புரையேறின பிள்ளைக்கு அது பெரும்பாலும் எந்த நுரையீரலில் போய் மாட்டும் என்று ஒரு கேள்வி. வலது. வலப்பக்க மூச்சுக்கிளைக் குழாய் அகலம், நீளம் குறைவு, நேராகவும் இறங்குகிறது என்று விளக்கம் வருகிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு பிள்ளைக்கு வலப்பக்கத்திலிருந்துதான் எடுத்தார்கள். அன்றைக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. இன்னொன்று: சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகிறது, வெளியே வருவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், மிச்சம் எங்கே? அத்தனையும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறதாம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் யூரின் அவுட்புட் எழுதுகிறவள் நான், ஒரு தடவைகூட இதை யோசித்ததில்லை.

இப்போது குறை. பித்தம் எங்கே சுரக்கிறது என்ற கேள்விக்குக் கல்லீரல் என்று போட்டேன், தப்பு என்றது. விடை பித்தப்பையாம்! கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்துவிட்டு எங்கள் வார்டில் படுத்திருப்பவர்களுக்கு அப்புறம் பித்தம் எங்கிருந்து வருகிறது? பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கிற பைதானே.

தமிழில் மாற்றிப் படித்தால் இன்னும் கூத்து. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது 'இடுப்பெலும்பில்' என்றிருந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இலியம், இடுப்பெலும்புக்கும் இலியம். ஆங்கிலத்தில் நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், தமிழில் அதுவும் இல்லை. மெஷின் மொழிபெயர்ப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை போல. இரண்டு தப்பையும் எழுதிப் போட்டேன். 'நன்றி' என்று உடனே பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்தும் பித்தம் பித்தப்பையில்தான் சுரந்துகொண்டிருக்கிறது.

ஐந்துக்கு மூன்று தருவேன். புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடுங்கள், ஆங்கிலத்திலேயே. நான் இன்னொரு மூன்று மாதம் கட்டப்போகிறேன். நெட் இல்லாமல் ஓடாது, எங்கள் வார்டுக்குள் சிக்னல் கிடையாது, அதனால் பிரேக்கில் மாடிப்படியில் உட்கார்ந்துதான் பரீட்சை.