என் 30 விநாடி ஆடியோ 28.8 ஆன கதை

மோஷன் கிராஃபிக்ஸ் (எழுத்தையும் வடிவங்களையும் அசைய வைக்கும் வீடியோ) வேலையை வெளியே கொடுக்கப் போகிறவர்கள், அட்வான்ஸ் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அக்கா பேசிய ஆடியோ ஒன்று கையில் இருந்தது. சரியாக 30 விநாடி. பின்னால் லேசான தாளம், நிமிடத்துக்கு 120 அடி. ஒவ்வொரு அடிக்கும் எழுத்தோ வடிவமோ வந்து விழ வேண்டும், அவ்வளவுதான் வேலை. விநாடிக்கு 24 ஃபிரேம் (படம்) என்று செய்தால் அடிக்குச் சரியாக 12 ஃபிரேம், கணக்குகூட இடிக்காது. ஆன்லைனில் பிடித்த ஆள், "மூணே நாள்ல முடிச்சுடலாம் சார்" என்றார். பாதிப் பணம் போட்டேன். எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரிப் படம், அதாவது ஸ்டைல் ஃபிரேம், கேட்டதற்கு, "நேரா ஃபைனலே பாருங்க, அசந்துடுவீங்க."

பதினோராம் நாள் வாட்டர்மார்க்கோடு வந்தது. போன் ஸ்பீக்கரில் கேட்டேன், தாளமும் படமும் ஒட்டித்தான் இருந்தன. மீதியையும் போட்டுவிட்டேன். இது என் முட்டாள்தனம்.

அக்காவிடம் காட்டினால், "ஏண்டா, இது என் குரலா? கீச்சுன்னு இருக்கே!"

எடிட்டரில் என் ஒரிஜினலை மேலே, அவர் அனுப்பியதைக் கீழே வைத்துப் பார்த்தேன். தொடக்கம் சேர்ந்தே போகிறது. 15ஆம் விநாடியில் வர வேண்டிய சொல் 14.4இலேயே வந்துவிடுகிறது. பேச்சு முழுவதும் 28.8இல் முடிந்து, மிச்ச 1.2 விநாடிக்கு லோகோ அசையாமல் நிற்கிறது.

தேடியதில் அதே அனிமேஷன் ரெடிமேட் டெம்ப்ளேட்டாக விற்பனைக்கு இருந்தது. அதன் டெமோ இசை நிமிடத்துக்கு 125 அடி. கீஃபிரேம்களை (எந்த நேரத்தில் எது அசைய வேண்டும் என்று குறித்த புள்ளிகளை) நகர்த்தச் சோம்பல்பட்டு, என் ஆடியோவையே 120இலிருந்து 125க்கு ஓட்டிவிட்டார் மனுஷன்! டெம்ப்ளேட் வாங்குவது தப்பே இல்லை, சொல்லிவிட்டுச் செய்யலாம். சட்டைக்கு ஏற்ப ஆளை வெட்டுவதா?

கேட்டதற்கு, "உங்க ஆடியோ ஸ்லோவா இருந்துச்சு சார்." திருத்தக்கூடிய மூல ஃபைல், அதாவது ப்ராஜெக்ட் ஃபைல்? "அதுக்குத் தனி சார்ஜ்." அடுத்த மெசேஜுக்குப் பதிலே இல்லை, பிளாக்.

இப்போது வேறொருவர் செய்கிறார். முதலில் 5 விநாடி மட்டும் வாங்கி, ஒரிஜினல் ஆடியோவோடு ஹெட்போனில் ஒட்டிப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தேன். ஆடியோவின் வேகத்தைத் தொடக்கூடாது, ப்ராஜெக்ட் ஃபைலும் சேர்த்துத்தான் விலை என்று முதல் மெசேஜிலேயே எழுதியாயிற்று. ஆடியோவையும் எம்பி3 இல்லாமல், சுருக்காத வேவ் ஃபைலாகவே அனுப்பினேன். அக்கா மட்டும் பழைய வீடியோவை அழிக்க விடவில்லை. போட்டுப் போட்டுச் சிரிக்கிறாள்.