வீட்டோவா, கூட்டாட்சியா: ஐரோப்பிய ஒன்றியத்தின் முன் இரு வழிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தை அரசுகளின் கூட்டமைப்பாகவே வைத்துச் செப்பனிடலாம். அல்லது முழுக் கூட்டாட்சியாக மாற்றலாம்.

முதல் வழியில் உறுப்பு நாடுகளின் இறையாண்மைக்குப் பங்கமில்லை. சிக்கல் வீட்டோதான்; அதாவது ஒரே நாடு மறுத்தாலும் முடிவு நின்றுபோகும் உரிமை. பெரும்பாலான சட்டங்களுக்கு 55 சதவீத நாடுகளும் (27-இல் 15) 65 சதவீத மக்கள்தொகையும் போதும். ஆனால் வெளியுறவு, வரி, நீண்டகால நிதித்திட்டம் என்றால் எல்லோரும் தலையசைக்க வேண்டும். உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோவை 2023 டிசம்பரில் ஹங்கேரி தனியாளாக நிறுத்தியது. 2024 பிப்ரவரியில்தான் வழிவிட்டது.

கூட்டாட்சி என்றால் சொந்த வரி, இரு அவைகள், நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அரசு. இன்றைய ஒன்றிய பட்ஜெட்டோ உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் சுமார் 1 சதவீதம்; அதிலும் பெரும்பகுதி அந்நாடுகள் படியளப்பதுதான். இதில் கூட்டாட்சியே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அங்கே போய்ச் சேருவதுதான் பாடு.

அமெரிக்காவும் இதே முட்டுச்சந்தில் நின்றது. அன்றைய பழைய ஒப்பந்தப்படி, மைய அமைப்பு இறக்குமதி வரி விதிக்க 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டியிருந்தது. 1782-இல் ரோட் தீவு மாநிலம் மறுத்ததும் திட்டம் படுத்துவிட்டது. 1787-இல் புதிய அரசியலமைப்பை எழுதியவர்கள், 9 மாநிலங்கள் ஏற்றால் போதும் என்று விதியையே மாற்றினார்கள். (பழைய ஒப்பந்தப்படி அது செல்லாது!)

ஐரோப்பாவில் அந்தக் குறுக்குவழி கிடையாது. ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தைத் திருத்த எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும். 2005-இல் பிரான்சும் நெதர்லாந்தும் வாக்கெடுப்பில் மறுக்க, அரசியலமைப்பு வரைவு கைவிடப்பட்டது. அந்த ஒப்பந்தத்தின் 48(7)-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தைத் திருத்தாமலே வீட்டோவை நீக்கலாம். அதற்கும் எல்லாத் தலைவர்களும் சம்மதிக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஒரு தேசிய நாடாளுமன்றம் மறுத்தாலும் போச்சு. சாவியைப் பூட்டுக்குள்ளேயே வைத்த கதை.

நடைமுறையில் நகர்வது 9 நாடுகளாவது சேர்ந்து முன்னே செல்லும் ஏற்பாடு. 2021-இல் பணியைத் தொடங்கிய ஐரோப்பிய அரசு வழக்குத்தொடுநர் அலுவலகம் (ஒன்றிய நிதி மோசடிகளை விசாரிப்பது) அப்படி வந்ததுதான்.