லொக் வைச்சுத் தாறம் எண்டு 85,000 ரூபாவை விழுங்கிற ஆக்கள், கவனம்

பேர் போடேல்லை. யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள, கடையளுக்கு பில்லிங் சொஃப்ட்வெயார் செய்து குடுக்கிற ஒரு சின்ன இடம். புடவைக்கடை பில்லிங்குக்கு ஒழுங்கான லொக் (பூட்டு இல்லை, சொஃப்ட்வெயார் என்ன செய்தது, என்ன பிழை வந்தது எண்டு ஃபைலில எழுதி வைக்கிற பதிவு) வைக்க 85,000 ரூபா, முழுக்க முற்காசு. என்னென்ன பாக்கவேணும் எண்டு கடைசியில விவரமா எழுதுறன்.

நம்பினது அந்த லப்டொப் திரையைப் பாத்துத்தான். இன்ஃபோ பச்சை, வார்னிங் மஞ்சள், எரர் சிவப்பு, வரிவரியா ஓடுது. "பாருங்கோ அண்ணை, பிழை வந்தாச் சிவப்பாத் தெரியும்" எண்டான் பொடியன். அந்த நிறக் குறியீட்டை அப்பிடியே ஃபைலுக்கும் எழுத விட்டிருக்கு. திறந்தா ஒவ்வொரு எரருக்கு முன்னாலயும் ஒரு சதுர அடைப்பு, 31, எம்; திரைக்குச் சிவப்பாக்கச் சொல்லுற குறி அது, ஃபைலில வெறும் குப்பை. திரைக்கு ஒரு ஃபோர்மட்டர் (லொக் வரியை எப்பிடி எழுதிறதெண்டு சொல்லுறது), ஃபைலுக்கு நிறமில்லாத இன்னொண்டு வைக்கவேணும். இதுகூடத் தெரியாமலோ காசு வாங்கினது?

நல்லூர்க் கொடியேறின கிழமை, கடை நிறையச் சனம், பில் அடிக்கேலாமல் நிண்டுது. டிஸ்க்கில இடமில்லை. லொக் லெவல் டிபக்கில (சின்னச் சின்ன விசயத்தையும் எழுதுற நிலை) கிடக்கு, டேட்டாபேசிட்டக் கேக்கிற எஸ்கியூஎல் குவெரி ஒண்டு விடாமல் லொக்குக்குள்ள. "ரொட்டேஷன் போட்டிருக்கு" எண்டினம், அதாவது ஃபைல் பெருத்தா புதுசுக்கு மாறி, பழசை அழிக்கிறது. போட்டதுதான்: பைதனில அதுக்கெண்டு இருக்கிற ரொட்டேட்டிங்ஃபைல்ஹாண்ட்லர், ஆனா ஃபைல் எவ்வளவு பெருக்கலாம் எண்ட மக்ஸ்பைட்ஸ் 0. 0 எண்டா அது புது ஃபைலுக்கு ஒருநாளும் மாறாது. ஃபைலை அழிச்சும் இடம் வரேல்லை. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம் அதைத் திறந்து பிடிச்சிருக்கும் மட்டும் வராது, அதை ரீஸ்டார்ட் பண்ணவேணும்.

முந்தி வந்த பிழையளைத் தேடினா "ஏதோ பிழை" எண்டு ஒற்றை வரி, பிழை கோட்டில எந்த வரியில வந்ததெண்டு காட்டுற ட்ரேஸ்பாக் இல்லை. இரவு 7.10க்கு அடிச்ச பில் லொக்கில 13:40. யூடிசி நேரமாம் (உலகப் பொது நேரம், எங்கட நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு), அதுக்கொரு குறியும் இல்லை.

எடுத்துக் கேட்டா முதல் "சேர்வர்க்காரரைக் கேளுங்கோ." பிறகு "கலியாண வீட்டில நிக்கிறன் அண்ணை." பிறகு நீல டிக் மட்டும். 85,000 ரூபா!

சரி, பாக்கவேண்டியது. மக்ஸ்பைட்ஸ், பக்கப்கவுண்ட் (எத்தினை பழைய ஃபைலை வைக்கிறது) ரண்டும் 0 இல்லாமல் இருக்கவேணும், சின்னக் கடைக்கு 10 எம்பியும் 5 ஃபைலும் காணும். லெவல் இன்ஃபோ. கோட்டில பிழையைப் பிடிக்கிற எக்செப்ட்டுக்குள்ள லொகர்.எக்செப்ஷன், அப்பத்தான் ட்ரேஸ்பாக்கும் விழும். நேரத்தோட, எங்கட நேரமெண்டு தெரிய, +05:30. பாஸ்வேர்ட் லொக்கில விழுகுதோ எண்டும் தேடிப் பாருங்கோ. ஒரு பிழையை வேணுமெண்டு வரவைச்சு, அவையின்ர திரையில இல்லை, ஃபைலைத் திறந்து பாத்திட்டுக் காசைக் குடுங்கோ.

மிச்சம் எழுத இப்ப மனமில்லை. 85,000. இண்டைக்குக் காலமையும் நீல டிக்தான்.