பியூட்டி ஸ்டோரில் மேக்கப் ஆலோசனை கேட்கப் போகும் கிராஸ்டிரஸ்ஸர்களுக்கு ஓர் எச்சரிக்கை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையில் என்னை யாரும் கேலி செய்யவில்லை. முகம் சுளிக்கவில்லை. சிரித்த முகமாக உட்காரவைத்து, கண்ணாடியை என் பக்கம் திருப்பி, பெட்டி பெட்டியாக எடுத்துக் காட்டினார்கள். ஆணாக இருந்துகொண்டு பெண் உடை உடுத்தி அலங்கரித்துக்கொள்கிற நம்மில் பலரும் அவமானத்துக்குத்தான் பயப்படுகிறோம், அதற்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் இப்படிப்பட்ட கடைக்குள் கால் வைக்கிறோம். தேனொழுகப் பேசி மொட்டையடிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்த்துப் போவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கடையின் பெயரைப் போடவில்லை. கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள். வேறு கடைகளிலும் இதே பாணி நடப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், எந்தக் கடையானாலும் சமாளிக்கலாம்.

நான் வாரநாட்களில் பேன்ட் சட்டையோடு வேலைக்குப் போகிறவன். ஓய்வு நாட்களில் பெண் உடை உடுத்தி, அலங்காரம் செய்துகொள்வது எனக்குப் பிடிக்கும். அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது, தெரியவும் வேண்டாம். இந்த விவரத்தை மறைக்காமல் கடையிலேயே சொன்னேன். “யாருக்கு சார், மேடத்துக்கா?” என்றார் விற்பனைப் பெண். “எனக்குத்தான்” என்றேன். ஒரு நொடி தயக்கம், அப்புறம் பளிச்சென்று ஒரு சிரிப்பு. “சூப்பர் சார்! உங்களுக்கு ஸ்கின் செம ஸ்கின்!” அதன் பிறகு பேச்சு முழுக்கப் பாராட்டுதான்.

அவரிடம் கேட்டவை இரண்டு. ஷேவ் செய்த பிறகும் தெரியும் தாடி நிழலை மறைக்க என்ன போடுவது? மறுநாள் வேலைக்குப் போகும்போது முகத்தில் ஒரு சுவடும் இல்லாமல் எப்படிக் கலைப்பது? இரண்டுக்கும் “அதெல்லாம் ஈஸி சார்” என்றார். இரண்டுக்குமே பதில் வரவில்லை. வந்தது நீளமான பில்.

தாடி நிழலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் வேலையில் பாதி அதுதான். எவ்வளவு நெருக்கமாக ஷேவ் செய்தாலும் தோலுக்குள் முடியின் வேர்ப்பகுதி கருப்பாக இருக்கத்தான் செய்யும். தோல் வழியாகப் பார்க்கும்போது அந்தக் கருப்பு நீலமாகவோ சாம்பலாகவோ தெரியும். அதன் மேல் தோல் நிறத்தில் எத்தனை பூச்சு பூசினாலும் நீலம் கசிந்து வெளியே வரும். வெளிர் நிறக் கன்சீலர் (கறை, கருமையை மறைக்கிற தோல் நிறப் பூச்சு) போட்டால் இன்னும் மோசம், தாடை முழுக்கச் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். நீலத்துக்கு வண்ணச் சக்கரத்தில் எதிர்ப்பக்கம் இருப்பது ஆரஞ்சு. அதனால் முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரை, அதாவது நீலத்தை அடக்குகிற வண்ணப் பூச்சை, மெல்லிசாக ஒற்றி, அதன் மேல் பவுடர் தட்டி, பிறகுதான் ஃபவுண்டேஷன். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அடர்ந்த ஆரஞ்சு, சிவந்த நிறத்துக்குப் பீச் நிறம். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். தேய்த்தால் கீழே போட்ட ஆரஞ்சு நகர்ந்து மேலே கலந்துவிடும். நாடக மேக்கப் தயாரிக்கிற பென் நை போன்ற கம்பெனிகள் இதற்கென்றே ‘பியர்டு கவர்’ என்ற பெயரில் ஒரு கிரீமே விற்கின்றன. அந்த அளவுக்குப் பழைய, தெரிந்த சங்கதி இது.

என் தாடையில் அந்தப் பெண் பூசியது என் நிறத்தைவிட வெளிரான கன்சீலர். “ரெண்டு கோட் போட்டா மறைஞ்சிடும் சார்.” மறையவில்லை. “மூணு கோட் போடலாம்.” மூன்றாவது பூச்சில், வாயைத் திறந்தால் உதட்டோரத்தில் கோடு கோடாக வெடித்தது. ஆரஞ்சு கரெக்டர் பற்றி நானே கேட்டேன். “அதெல்லாம் ஓல்டு மெத்தட் சார், இப்ப யாரும் யூஸ் பண்றதில்ல” என்று பதில். பிறகுதான் கவனித்தேன், அவர் சட்டையில் இருந்த பேட்ஜ் கடையுடையது இல்லை, ஒரு பிராண்டுடையது. பெரிய கடைகளில் ஒவ்வொரு பிராண்டும் தன் ஆளை நிறுத்திவைப்பது சகஜம். அவர்களுக்கு விற்பனை இலக்கு உண்டு, பல இடங்களில் கமிஷனும் உண்டு. அவர் நின்ற அலமாரியில் ஆரஞ்சு கரெக்டர் இல்லை, அதனால் ஆரஞ்சு பழைய முறையாகிவிட்டது. இரண்டு வரிசை தள்ளி வேறு பிராண்டின் அலமாரியில் அது இருந்தது. கிளம்பும்போது என் கண்ணாலேயே பார்த்தேன்.

இனி புருவக் கதை. இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

என் புருவம் அடர்த்தி, ஆனால் வடிவம் கிடையாது. அதைக் கொஞ்சம் வளைத்துக் காட்ட என்ன வழி என்று கேட்டேன். உடனே “த்ரெட்டிங் பண்ணிக்கோங்க” என்றார். முடியாது, வேலைக்குப் போகும்போது தெரிந்துவிடும் என்றேன். “அப்ப இது பாருங்க” என்று ஒரு சின்ன ட்யூபை எடுத்தார். பழுப்பு நிற ஜெல். பூசி, காய்ந்ததும் உரித்து எடுப்பது. “ஃபேஸ்வாஷ் போட்டா போயிடுமா?” என்று கேட்டேன். “போயிடும் சார்.” நான் கேட்டதும் அவர் சொன்னதும் இந்த வார்த்தைகளேதான். என் புருவத்தின் மேல் எல்லைக்குக் கொஞ்சம் மேலேயே, வில் மாதிரி வளைத்துப் பூசிவிட்டு, அது காய்கிற நேரத்துக்கு மற்ற பெட்டிகளைக் காட்ட ஆரம்பித்தார்.

உரித்தபோது லேசான பழுப்புக் கோடு, அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். போகவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்தேன். போகவில்லை. இரவு படுக்கும்போது கண்ணாடியில் பார்த்தால் கடையில் இருந்ததைவிடக் கருத்திருந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் பொடி எழுத்தில் இருந்த மூலப்பொருள் பட்டியலைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது: டைஹைட்ராக்சிஅசிட்டோன், சுருக்கமாக டி.எச்.ஏ. வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கும் ‘செல்ஃப் டேனர்’ லோஷன்களில் இருக்கிற அதே பொருள். இது பூச்சு இல்லை. தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களின் அமினோ அமிலங்களோடு வினை புரிந்து, தோலையே பழுப்பாக்குகிறது. நிறம் முழுதாக ஏறச் சில மணி நேரம் ஆகும். அந்த அடுக்கு தானாக உதிர்கிற வரைக்கும் சோப்பாலும் ரிமூவராலும் அதைக் கழுவ முடியாது. மெதுவாகத் தேய்த்து உதிர்வைக் கொஞ்சம் வேகப்படுத்தலாம், அவ்வளவுதான். ‘பயன்படுத்துவதற்கு முன் தோலில் சோதித்துப் பார்க்கவும்’ என்றும், நிறம் சில நாட்கள் நிற்கும் என்றும் அந்தக் காகிதத்திலேயே இருந்தது. நாட்கணக்கில் நிற்பதுதான் அந்தப் பொருளின் விளம்பரமே. விற்கிறவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

மறுநாள் அலுவலகம். தடித்த ஃப்ரேம் உள்ள பழைய கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். எதிர் இருக்கைக்காரர் காலையிலேயே, “என்ன, ஃபோட்டோ எடுத்துக்கிட்டீங்களா? முகம் ஒரு மாதிரி இருக்கே” என்றார். மதியம் இன்னொருவர் வேறெதுவும் கேட்காமல் புருவத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். அந்த வாரம் முழுக்க மீட்டிங்கில் நெற்றியைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தேன். மேல் அதிகாரி தலைவலியா என்று விசாரித்தார். இப்போது சிரிப்பாக வருகிறது. அப்போது தூக்கம் வரவில்லை. வெளியே தெரியக் கூடாது என்று இருக்கிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. வேலை போகலாம், வீட்டில் பெரிய பேச்சாகலாம்.

மற்றவையும் இதே ரகம்தான். “கலையவே கலையாது” என்ற லிக்விட் லிப்ஸ்டிக், உதட்டில் கறை விடும் டின்ட், வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா, வாட்டர்ப்ரூஃப் லைனர். கல்யாண வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு இவை வரம். காலையில் சுத்தமான ஆண் முகத்தோடு வெளியே போக வேண்டிய எனக்கு ஒவ்வொன்றும் வம்பு. கலையாததாகவே பொறுக்கி எடுத்து விற்ற அவர், கலைப்பதற்கான ஒரு பாட்டிலைக்கூட எடுத்துக் காட்டவில்லை. இந்த வாட்டர்ப்ரூஃப் சமாச்சாரம் ஃபேஸ்வாஷுக்கு அசையாது. எண்ணெய் கலந்த ரிமூவர் வேண்டும். பாட்டிலில் இரண்டு அடுக்காக நிற்கும், குலுக்கிப் பயன்படுத்துவார்களே, அது. பஞ்சில் நனைத்துக் கண்மேல் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு கீழ்நோக்கி இழுத்துத் துடைக்க வேண்டும். இமைமுடியின் அடியில் தங்குகிற மையைக் காட்டன் பட்ஸால் எடுக்காவிட்டால், காலையில் அது கண்ணோரத்துக்கு வந்து நிற்கும். நமக்கு முதலில் வாங்க வேண்டிய பொருள் ரிமூவர்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

ஃபவுண்டேஷன் ஷேடைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புறங்கையில் தடவிக் காட்டினார், மஞ்சள் விளக்கில் பொருந்தியது. வெளிச்சத்தில் பார்த்தால் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ஷேடைத் தாடையோரத்திலிருந்து கழுத்து வரை இழுத்துப் பார்க்க வேண்டும். அப்படியே கடைக்கு வெளியே போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்கவும் வேண்டும், சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் கருக்கும். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றபோது அவர் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை: “இப்படியே வெளிய போனா எல்லாரும் பாப்பாங்க சார், இங்கயே முடிச்சிடலாமே.” குரலில் அத்தனை அக்கறை. நம் கூச்சத்தை வைத்தே நம்மை அவசரப்படுத்துகிற வித்தை இது. ஒரு பெண் வாடிக்கையாளரிடம் இந்த வசனம் செல்லாது.

டெஸ்டர்களையும், அதாவது போட்டுப் பார்க்கக் கடையில் திறந்து வைத்திருக்கும் பொருட்களையும், சொல்ல வேண்டும். பலர் தொட்ட லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் வைக்க வந்தார், நான் கையைக் காட்டினேன். ஹெர்பிஸ் கொப்புளம், கண் தொற்று எல்லாம் இந்த வழியாகப் பரவக்கூடியவை. புதிதாக ஷேவ் செய்த தாடையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும் என்பதால் நமக்கு அபாயம் இன்னும் கூடுதல். ஆல்கஹால் தெளித்துத் துடைத்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சியில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் முகத்தில் எதையும் பூசவிடாதீர்கள். “ஹைப்போஅலர்ஜெனிக் சார், ஒண்ணும் ஆகாது” என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். ஒவ்வாமை வருவது குறைவு என்று சொல்லிக்கொள்ளும் சொல் அது. அமெரிக்காவில் உணவு, மருந்து, அழகுப் பொருட்களைக் கண்காணிக்கிற எஃப்.டி.ஏ.வே அந்தச் சொல்லுக்குத் தங்களிடம் எந்த வரையறையும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பார்ப்பதுதான் வழி. ஒவ்வாமை பல சமயம் உடனே காட்டாது.

பில் போடும் இடத்தில் மெம்பர்ஷிப் என்று சொல்லி ஃபோன் நம்பர் கேட்டார்கள். நான் தரவில்லை, அதனால் தள்ளுபடியும் இல்லை என்றார்கள். அது போகட்டும். பக்கத்தில் இன்னொரு பெண் கைபேசியோடு வந்து, “உங்க ட்ரான்ஸ்ஃபர்மேஷன ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாமா சார், எங்க பேஜ்ல போட?” என்றார். வேண்டாம் என்றேன். “முகம் தெரியாம எடுக்கறோம்” என்றார். மறுபடி வேண்டாம் என்றேன். கேட்டதே தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்டபோது கேமரா ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தது. அழிக்கச் சொல்லி, அழித்ததைக் காட்டச் சொல்லி, டிலீட் ஆன படங்கள் தங்கும் ஃபோல்டரையும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். நீங்களும் கூச்சப்படாமல் இதைச் செய்யுங்கள்.

புருவ விவகாரத்துக்குப் பிறகு கடை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். திறந்த பொருளைத் திருப்பி வாங்க முடியாது என்றார். திறந்தது உங்கள் ஆள்தானே என்றதற்கு, “கஸ்டமர் கன்சென்ட்டோடதான் சார் பண்ணுவாங்க” என்றார். கழுவினால் போகும் என்று சொன்னது பொய்தானே என்றேன், அந்தப் பெண் பிராண்டின் ஆள், கடையின் ஆள் இல்லை என்றார். பிராண்டுக்கு எழுதினேன், கடையைத் தொடர்புகொள்ளச் சொல்லிப் பதில் வந்தது. சீல் உடைக்காத மஸ்காராவையும் டின்ட்டையும் மட்டும் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு எடுத்துக்கொண்டார்கள், அதுவும் பணமாக இல்லை, அதே கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளும் கிரெடிட்டாக. அதில் போய் அந்த இரண்டு வரிசை தள்ளியிருந்த ஆரஞ்சு கரெக்டரையும் ஒரு ரிமூவரையும் வாங்கிக்கொண்டேன். கரெக்டர் நன்றாகவே வேலை செய்கிறது.

அடுத்து போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். முகத்தில் எதையாவது பூச வந்தால், பெட்டியைக் கையில் வாங்கி மூலப்பொருள் பட்டியலை ஃபோனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் படியுங்கள். டி.எச்.ஏ., ஹென்னா, ‘ஸ்டெயின்’, ‘செமி பெர்மனென்ட்’ என்று எது கண்ணில் பட்டாலும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அதை வைத்துவிட்டு வாருங்கள். எத்தனை நாள் நிற்கும், எதால் போகும் என்று கேளுங்கள், பதிலைப் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறொரு கடையில் இதைச் செய்து பார்த்தேன். அதுவரை “போயிடும் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பேனாவைக் கொடுத்ததும் “ஒரு நிமிஷம், சீனியரக் கேட்டுட்டு வரேன்” என்று உள்ளே போனார்.